புதிதாக வந்த பிள்ளைக்குத் திறப்பு எப்போது கிடைக்கும்?

கணினிக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே அலுவலைப் பற்றியவை. பலரும் சேர்ந்து பாவிக்கும் ஆய்வுக் கணினிக்குள் புதிதாக வந்த ஒருவர் எப்படி நுழைவது, நுழைய விடும்வரை என்ன செய்வது, நுழைந்த பிறகு எதில் கவனமாக இருப்பது. இப்படியான கணினி ஒன்றைப் பன்னிரண்டு வருடம் பார்த்துக்கொண்டவன் நான், அதனால் கடிதங்களை வாசிக்கும்போது பழைய முகங்கள் பல ஞாபகத்துக்கு வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

இதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வாசிப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பத்தோ நூறோ ஆயிரமோ கணினிகளை வேகமான வலையமைப்பால் கோர்த்து, கோப்புக் கிடங்கை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்து, யார் எப்போது எவ்வளவு பாவிக்கலாம் என்று பார்க்க மேலே ஒரு மென்பொருளை இருத்தினால் அதுதான் கிளஸ்டர். 1994இல் நாசாவில் சாதாரணக் கணினிகளைக் கோர்த்து பேவுல்ஃப் என்ற பெயரில் செய்து காட்டியதிலிருந்து, காசு குறைந்த பல்கலைக்கழகத் துறைகளுக்கும் இது எட்டக்கூடிய ஒன்றாகிவிட்டது. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: அண்ணா, நான் ஒரு ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்று மொட்ஃப்ளோ என்கிற மென்பொருளில் கணிக்கிற வேலை. எங்களோடு சேர்ந்து செய்கிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கிளஸ்டரில் ஓட்டச் சொல்கிறார்கள். கணக்குக்கு விண்ணப்பித்து மூன்று கிழமையாகியும் ஒரு பதிலும் இல்லை. கணக்கு வரும்வரை தன்னுடைய பெயரையும் பாஸ்வேர்டையும் பாவிக்கும்படி எங்கள் சேர் சொல்கிறார். உதவிக்குத்தான் சொல்கிறார், மறுக்கவும் கூச்சமாக இருக்கிறது. பாவிக்கலாமா?
ஆய்வு உதவியாளர், கோண்டாவில்

பதில்: வேண்டாம், தங்கச்சி. உங்கள் சேர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த உதவி அவருக்கும் உங்களுக்கும் சேர்த்தே வினையாக வரக்கூடியது.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஆய்வுக்குழுவில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே கணக்கு. கணக்கு குழுத்தலைவருடையது, பாவிப்பது ஐந்து பேரும். எல்லாரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர்களில் யாரோ, இடம் காணாது என்று பழைய கோப்புகளைத் துப்புரவாக்கப் போய், நிற்க வேண்டிய அடைவுக்கு (ஃபோல்டருக்கு) ஒரு படி மேலே நின்றுகொண்டு அழிக்கும் கட்டளையைப் போட்டிருக்கிறார். திங்கள் காலை வந்து பார்த்தால் ஒரு பிள்ளையின் ஏழு மாத வேலை இல்லை. அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கையில் ஒரு கொப்பி. எந்தத் திகதியில் எந்தக் கணிப்பை ஓட்டினேன் என்று பேனையால் வரிவரியாக எழுதியிருந்தாள், அந்தக் கொப்பிதான் மிச்சம். யார் அழித்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, பதிவேட்டில் ஐந்து பேருக்கும் ஒரே பெயர்தானே. அழித்தவருக்கே தான் அழித்தது தெரியாமல் இருந்திருக்கலாம், ஒருவரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஐந்து பேரும் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்ததை நான் காணவில்லை.

அது வீட்டுக்குள் நடந்தது. வெளியிலிருந்து வருவதும் உண்டு. 2020 மே மாதம் ஐரோப்பாவில் பல மீக்கணினிகளை, அதாவது சூப்பர் கம்ப்யூட்டர்களை, அடுத்தடுத்து மூட வேண்டி வந்தது. எடின்பரோவில் இருந்த ஆர்ச்சர், ஜெர்மனியில் பல, சுவிட்சர்லாந்திலும் ஒரு தேசிய நிலையம். புகுந்தவர்கள் உண்மையான ஆய்வாளர்களிடம் திருடிய கணக்குகளோடுதான் உள்ளே வந்தார்கள். ஒரு நிலையத்தில் கணக்கு வைத்திருக்கிற ஆய்வாளர் பெரும்பாலும் இன்னொரு நிலையத்திலும் வைத்திருப்பார், அதனால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு வேலி தாண்டுவது போல் தாண்ட முடிந்தது. ஆர்ச்சரைப் பாவித்த எல்லாரும் பாஸ்வேர்டையும், உள்ளே போகப் பாவிக்கிற திறப்புக் கோப்பையும் புதிதாக மாற்ற வேண்டி வந்தது. கொவிட் ஆராய்ச்சிக்காக இந்த இயந்திரங்கள் இரவு பகலாக ஓட வேண்டியிருந்த நேரம் அது. இதற்குப் பிறகு ஒரு கணக்கு இரண்டு நாட்டிலிருந்து, இரண்டு பழக்கத்தோடு உள்ளே வருவதைக் கண்டால் எந்த நிர்வாகியும் சும்மா இருக்க மாட்டார். கணக்கை நிறுத்துவார், உங்கள் சேரின் கணக்கு நின்றால் திட்டம் முழுவதும் நிற்கும்.

ஆகவே சேரிடம் போய் மறுப்பதாகச் சொல்ல வேண்டாம், வேறொன்றைக் கேளுங்கள். "சேர், என்னுடைய விண்ணப்பத்துக்கு உங்களிடம் ஒப்புதல் கேட்டு ஒரு மெயில் வந்திருக்கும், ஒருக்கால் தேடிப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். மூன்று கிழமை சத்தமில்லாமல் இருக்கிற விண்ணப்பங்களில் நான் பார்த்த அளவில் முக்கால்வாசி அங்கேதான் நிற்கும். கிளஸ்டர்க்காரர் புதியவரை நம்பிக் கணக்குத் திறப்பதில்லை, திட்டத்துக்குப் பொறுப்பானவர் "இவர் என்னுடைய ஆள்" என்று சொன்ன பிறகுதான் திறக்கிறார்கள். அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்கிற மெயில் இயந்திரம் அனுப்புகிற மெயில், வேண்டாத மெயில்களோடு சேர்ந்து கிடக்கும், அதிலுள்ள இணைப்புக்குச் சில நாள்தான் உயிர். காலாவதியாகியிருந்தால் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இங்கேயுள்ள சேர் பொறுப்பாளரா, அங்கேயுள்ள பேராசிரியர் பொறுப்பாளரா என்பதையும் முதலில் விசாரியுங்கள். இரண்டு பேரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது பெயர். இது எங்கள் ஆட்களுக்கே உரிய தலையிடி. விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். எங்களுக்கோ தகப்பன் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று, கடவுச்சீட்டில் ஒரு ஒழுங்கு, பல்கலைக்கழக மின்னஞ்சலில் முதலெழுத்தோடு இன்னொரு ஒழுங்கு. போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டல். ஒரே வீட்டில் அண்ணன் தகப்பன் பெயரை "டி" போட்டும் தங்கச்சி "டி, எச்" போட்டும் எழுதுகிற குடும்பங்கள் எத்தனை! அங்கே இருக்கிறவருக்கு இது இரண்டு வேறு ஆட்களாகத் தெரியும், சந்தேகம் வந்தால் அவர் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள், சேர் உங்களைப் பரிந்துரைத்து எழுதுகிற கடிதத்திலும் அதே எழுத்துக்கூட்டல் வரச் செய்யுங்கள். மின்னஞ்சலில் வேறு மாதிரி இருந்தால் "இரண்டும் நானே" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஜிமெயில் முகவரியில் விண்ணப்பித்திருந்தால் அதுவே தடையாக இருந்திருக்கலாம், நிறுவன முகவரிதான் நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த முகவரி கிடைக்கவே ஒரு கிழமை எடுக்கும் என்றால் அதைத்தான் முதலில் துரத்த வேண்டும்.

சில நாடுகளில் நாட்டுரிமை கேட்பார்கள், கடவுச்சீட்டுப் பிரதியும் கேட்பார்கள். அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் ஆய்வுகூடங்களில் வெளிநாட்டவருக்கென்று தனிப் பரிசீலனையே உண்டு, அது கிழமைக்கணக்கில் இழுக்கும். இதை அவமானமாக எடுக்க வேண்டாம், எல்லா வெளிநாட்டவருக்கும் பொதுவானதுதான்.

உதவிப் பகுதிக்கு எழுதும்போது "என் கணக்கு இன்னும் வரவில்லை" என்று ஒரு வரியில் எழுதினால் பதிலும் ஒரு வரியில்தான் வரும். விண்ணப்பித்த திகதி, எந்த மின்னஞ்சலில் விண்ணப்பித்தீர்கள், திட்டத்தின் குறியீடு, பொறுப்பாளர் யார், கடைசியாக என்ன செய்தி வந்தது, இவ்வளவையும் முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் திரும்ப உங்களிடம் கேட்டு நீங்கள் பதில் போட்டு, நேர வித்தியாசத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாள் போகும்.

இதற்கிடையில் சும்மா இருக்கவும் தேவையில்லை. மொட்ஃப்ளோ 1984இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் வெளியிட்டது, இலவசம், உங்கள் லப்டொப்பிலேயே ஓடும். கட்டங்களைப் பெரிதாகப் பிரித்து, குடாநாடு முழுவதற்கும் ஓட்டாமல் ஒரு சின்னத் துண்டுக்கு ஓட்டிப் பாருங்கள். கிணறுகளில் அளந்த நீர்மட்டத்தோடு ஒத்துவரும்வரை நூற்றுக்கணக்கான தடவை மாற்றி மாற்றி ஓட்டுவதற்குத்தான் கிளஸ்டர் தேவை. கணக்கு வருகிற அன்று பிழையில்லாத உள்ளீட்டுக் கோப்பு கையில் இருந்தால், அதைக் கொண்டுபோய் அங்கே வைத்து ஓட்ட வேண்டியதுதான் பாக்கி.

கேள்வி: பேராதனையிலிருந்து எங்களிடம் ஒரு ஆய்வாளர் இரண்டு கிழமைக்கு வருகிறார். வைஃபைக்கு அவருக்குத் தனிக் கணக்குத் திறக்க வேண்டுமா?
தொழில்நுட்ப உதவியாளர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் இடத்தில் எடுரோம் என்கிற, கல்வி நிறுவனங்களுக்குப் பொதுவான வைஃபை இருந்தால் தேவையில்லை. லேர்ண் என்கிற இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பு இங்கே அதை நடத்துகிறது. அவர் தன் நிறுவனத்துப் பெயரையும் பாஸ்வேர்டையுமே கொடுப்பார், சரிபார்ப்பது அவருடைய நிறுவனம். பயனர் பெயரைப் பாதியில் நிறுத்தாமல் அட் குறிக்குப் பின்னால் உள்ள நிறுவன முகவரியோடு முழுதாகப் போடச் சொல்லுங்கள், அதில்தான் அநேகர் பிழை விடுகிறார்கள். புறப்படுவதற்கு முன்பே தன் இடத்தில் ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னால் இன்னும் நல்லது. கவனியுங்கள், இது வைஃபைக்கு மட்டும். கிளஸ்டருக்கு அவருக்கு வேறு கணக்கு வேண்டும்.

கேள்வி: பொதுத் திறப்பை அனுப்பும்படி கிளஸ்டரில் கேட்டார்கள். இன்டர்நெட்டில் பார்த்துக் கட்டளையைப் போட்டேன், இரண்டு கோப்பு வந்தது. எது என்று தெரியாமல் இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பிரச்சினையா?
முதுமாணி மாணவர், மானிப்பாய்

பதில்: பிரச்சினைதான், ஆனால் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம், பயப்பட வேண்டாம். அந்தச் சோடியை இனிப் பாவிக்காதீர்கள், புதிதாக ஒன்று செய்யுங்கள், பழையதை நீக்கிவிடும்படி அவர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் திட்டப் போவதில்லை, நானும் ஒருவரையும் இதற்காகத் திட்டியதில்லை. மறைத்தால்தான் கோபம் வரும்.

பொதுத் திறப்பு என்ற பெயர்தான் குழப்புகிறது. அதைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், விளங்கும். நீங்கள் ஒரு பூட்டும் அதற்கான திறப்பும் செய்கிறீர்கள். பூட்டை யாருக்கும் கொடுக்கலாம், கிளஸ்டர்க்காரர் அதைத் தங்கள் வாசலில் கொழுவுவார். திறப்பு உங்கள் மடியை விட்டுப் போகக்கூடாது. பெயரின் கடைசியில் "பப்" என்று முடிகிற கோப்புத்தான் பூட்டு, திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி இருக்கும், இப்போதைய வகை என்றால் "எஸ்எஸ்எச் ஈடி25519" என்று தொடங்கும். மற்றது பல வரிகளில், தொடக்கத்திலேயே இது தனித் திறப்பு என்று பெரிய எழுத்தில் சொல்லும். அதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ யூஎஸ்பியிலோ எவரிடமும் கொடுக்காதீர்கள். என்னிடமும்தான்.

செய்யும்போது ஒரு கடவுத்தொடர் கேட்கும். எல்லாரும் வெறுமையாக என்டரைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். கடவுத்தொடர் இல்லாத தனித் திறப்பு வாசலில் தொங்குகிற திறப்பு மாதிரி, லப்டொப் களவு போனால் எடுத்தவர் நேரே உள்ளே போவார். நாலைந்து சொல்லைக் கோர்த்து உங்களுக்கு மட்டும் ஞாபகம் இருக்கக்கூடிய ஒரு வரியாக வையுங்கள். தூரத்தில் இருக்கிற கணினிக்குள் பாதுகாப்பாக நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச் என்கிற மென்பொருள் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே வருகிறது, வேறு மென்பொருள் தேட வேண்டிய தேவை அநேகமாக இல்லை. லினக்ஸில் "அனுமதி அதிகமாகத் திறந்திருக்கிறது" என்று சொல்லி உங்கள் திறப்பை எடுக்க மறுத்தால், அந்தக் கோப்பின் அனுமதியை 600 ஆக்குங்கள், அதாவது உங்களைத் தவிர வேறு ஒருவரும் வாசிக்க முடியாதபடி.

இந்த எஸ்எஸ்எச்சே ஒரு களவிலிருந்து பிறந்ததுதான். 1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒளித்திருந்து பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுச் சேர்க்க, அங்கே ஆய்வாளராக இருந்த தாட்டு இலோனன் இனி இப்படி நடக்கக்கூடாது என்று எழுதியது. முப்பது வருடமாக உலகம் முழுவதும் அதில்தான் உள்ளே போகிறது.

கேள்வி: கிளஸ்டருக்குள் நுழையும்போது, போனில் வருகிற ஆறு இலக்கத்தைக் கேட்கிறது. சரியாகப் போட்டாலும் பிழை என்கிறது. போன் பழையது.
பருத்தித்துறை வாசகி

பதில்: போனின் மணிக்கூட்டைப் பாருங்கள், அக்கா. அந்த இலக்கம் எங்கிருந்தும் வருவதில்லை. போனும் கிளஸ்டரும் முதல் நாள் பகிர்ந்துகொண்ட ஒரு இரகசியத்தையும் இப்போதைய நேரத்தையும் வைத்து இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கணக்குப் போடுகின்றன, வழக்கமாக 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும். போன் இரண்டு நிமிடம் பிந்தி ஓடினால் விடை ஒத்துவராது. நேரத்தைத் தானாகச் சரிசெய்யும்படி வைத்தால் சரியாகிவிடும். முதல் நாள் சில மீட்பு இலக்கங்கள் தந்திருப்பார்கள், அவற்றைக் கடதாசியில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். அந்த போனுக்குள்ளேயே படமாக எடுத்து வைத்தால் போன் தண்ணீரில் விழுகிற அன்று இரண்டும் சேர்ந்து போகும்.

கேள்வி: கணக்கு வந்துவிட்டது. ஆனால் கணிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இன்டர்நெட் அறுந்தால் எல்லாம் நின்றுவிடுகிறது. கரண்ட் போனாலும் அதே கதி. போன கிழமை "நுழைவுக் கணினியில் வேலை ஓட்டாதே" என்று எச்சரிக்கை மெயிலும் வந்தது. நான் என்ன பிழை செய்தேன் என்றே தெரியவில்லை.
கலாநிதிப் பட்ட ஆய்வு மாணவர், சாவகச்சேரி

பதில்: தம்பி, உங்களுடைய இரண்டு பிரச்சினையும் ஒன்றுதான். நீங்கள் விறாந்தையில் அடுப்பு மூட்டியிருக்கிறீர்கள்.

எஸ்எஸ்எச்சில் போனதும் நீங்கள் நிற்கிற நுழைவுக் கணினி வீட்டின் விறாந்தை மாதிரி. அங்கே ஒரே நேரத்தில் நூறு பேர் வந்து போவார்கள், கோப்பைத் திருத்துவார்கள், விண்ணப்பம் கொடுப்பார்கள். குசினி உள்ளே இருக்கிறது, கணிக்கிற இயந்திரங்கள் எல்லாம் அங்கேதான். உங்கள் நிரலை நேரே விறாந்தையில் ஓட்டினால் மற்ற நூறு பேரும் மூச்சு முட்டுவார்கள், அதனால்தான் அந்த மெயில். அப்படி ஓட்டுவது உங்கள் இணைப்போடு கட்டுப்பட்டது என்பதால்தான் இணைப்பு அறுந்ததும் அதுவும் நிற்கிறது. புதிதாக வருகிற எல்லாரும் செய்கிற பிழை இது, ஒருவரும் முதல் நாளே இருத்தி வைத்துச் சொல்லிக்கொடுக்காததால் வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு சின்னக் கோப்பில் எனக்கு இத்தனை கோர் (கணிக்கும் அலகு), இவ்வளவு நினைவகம், இவ்வளவு நேரம் வேண்டும் என்று மேலே எழுதி, கீழே ஓட்ட வேண்டிய கட்டளையை எழுதுங்கள். அதை எஸ்பேட்ச் கட்டளையால் வரிசையில் கொடுங்கள், எஸ்கியூவால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இவை ஸ்லர்ம் என்கிற வரிசைப்படுத்தியின் கட்டளைகள், லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் தொடங்கியது, இன்று அநேகமான கிளஸ்டர்களில் அதுதான். உங்களுடையதில் வேறொன்று இருந்தாலும் முறை ஒன்றே. கொடுத்துவிட்டால் லப்டொப்பை மூடிவிட்டுப் படுக்கலாம். 2022 மார்ச் முடிவில் இங்கே ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதும் வெளிநாட்டுக் கிளஸ்டரில் இப்படிக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளைகளின் வேலை பாட்டுக்கு ஓடி முடிந்தது. பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய சின்ன அலுவல்களுக்கு டிமக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இணைப்பு அறுந்தாலும் திரும்பப் போய் விட்ட இடத்திலேயே தொடரலாம்.

நேரத்தைப் பற்றி ஒன்று. பயத்தில் எல்லாரும் ஏழு நாள் என்று போடுகிறார்கள். இரண்டு பெரிய வேலைகளுக்கு நடுவில் ஐந்து மணித்தியால இடைவெளி கிடைத்தால் வரிசைப்படுத்தி அதில் நுழையக்கூடிய சின்ன வேலையைத் தேடும். நீங்கள் நாலு மணித்தியாலம் என்று உண்மையாக எழுதியிருந்தால் உங்களைத் தூக்கி முன்னால் விடும், ஏழு நாள் என்று எழுதினால் பின்னாலேயே நிற்பீர்கள். சின்னதாக ஒருமுறை ஓட்டி எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்து, அதைப்போல ஒன்றரை மடங்கு கேளுங்கள், அது காணும்.

கேள்வி: எங்கள் துறைக்குச் சின்னதாக ஒரு கிளஸ்டர் வந்திருக்கிறது. எட்டுக் கணினி. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம். வருடம் பத்துப் பதினைந்து பேர் புதிதாக வருவார்கள். கணக்குத் திறப்பதை எப்படி ஒழுங்குபடுத்தலாம்?
விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

பதில்: இந்தக் கேள்வி வந்தது எனக்கு உண்மையில் பெரிய சந்தோஷம், ஏனென்றால் கணினி வந்த பிறகு ஒரு வருடம் கழித்துத்தான் பலர் இதை யோசிக்கிறார்கள், அதற்குள் யாருடைய கணக்கு எது என்று தெரியாமல் போய்விடும்.

ஒரு பக்கத்துக்கு மேல் விண்ணப்பம் வைக்காதீர்கள் சேர். பெயர், நிறுவன மின்னஞ்சல், பொறுப்பான விரிவுரையாளர், எந்தத் திட்டம், எப்போது முடியும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம், முடிவுத் திகதி இல்லாமல் ஒரு கணக்கும் திறக்காதீர்கள். தேவையென்றால் நீட்டுவது ஒரு நிமிட வேலை, திகதி இல்லாத கணக்கு பத்து வருடம் ஒருவரும் கவனிக்காமல் திறந்து கிடக்கும்.

எட்டுக் கணினியிலும் தனித்தனியாகப் பயனர்களைச் சேர்க்கத் தொடங்கினால் பிறகு சீரழிவீர்கள். கோப்பு யாருடையது என்பதை லினக்ஸ் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு பயனருக்கும் கொடுத்த இலக்கத்தை வைத்துப் பார்க்கிறது. ஒரு கணினியில் 1005 ஆக இருக்கிற பிள்ளை அடுத்ததில் 1007 ஆக இருந்தால், பொதுக் கிடங்கில் அவளுடைய கோப்பு இன்னொருவருடையதாகத் தெரியும். நான் இதில் இரண்டு இரவு முழித்திருந்திருக்கிறேன். எல்டாப் மாதிரி ஒரே இடத்தில் பயனர் பட்டியலை வைத்து எட்டும் அங்கே கேட்கும்படி செய்யுங்கள். போனவருடைய இலக்கத்தைப் புதியவருக்குக் கொடுக்காதீர்கள், பழைய கோப்புகள் எல்லாம் புதியவருடையதாகிவிடும். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு குழு, குழுவுக்கு ஒரு பொது அடைவு என்று வைத்தால் பிள்ளைகள் கோப்பைப் பகிர்வதற்காகக் கணக்கைப் பகிரும் தேவை வராது.

அப்புறம், கணக்கைத் திறந்து மெயில் அனுப்பியதோடு உங்கள் வேலை முடியவில்லை. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் பக்கத்தில் இருத்துங்கள். தன் கையாலேயே உள்ளே போகட்டும், ஒரு கோப்பை எழுதட்டும், ஒரு நிமிடம் ஓடக்கூடிய வேலையை வரிசையில் கொடுக்கட்டும், அது ஓடி முடிந்து விடை வந்த கோப்பைத் தானே திறந்து பார்க்கட்டும். நீங்கள் விசைப்பலகையைத் தொடாதீர்கள். நான் இந்த அரை மணித்தியாலத்தை ஒழுங்காகச் செய்த வருடங்களில் இரவு பத்து மணிக்கு வருகிற அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள், ஊரிலிருந்து முதல்முதலாக வந்த பிள்ளைகள், தங்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள், இரண்டு மாதம் எக்செலிலேயே தனியாகப் போராடுவார்கள்.

வழிகாட்டியைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஆய்வுகூடச் சுவரில் ஒட்டுங்கள். கட்டளை ஆங்கிலத்தில் இருக்கட்டும், ஏன் போடுகிறோம் என்பது தமிழில் இருக்கட்டும். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீக்கணினிகள் அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் எட்டுக் கணினியில் பழகுகிற பிள்ளை அங்கேயும் போய் அதே கட்டளைகளையே போடுவாள்.

கேள்வி: கிளஸ்டரில் இருக்கிற கோப்புகளை அவர்கள் பேக்கப் எடுப்பார்கள்தானே?
நல்லூர் வாசகர்

பதில்: கேட்டுப் பாருங்கள், அநேகமாக உங்கள் சொந்த அடைவுக்கு மட்டும் எடுப்பார்கள். ஸ்கிராட்ச் என்கிற பெரிய இடம் ஓட்டம் நடக்கும்போது பாவிப்பதற்கு மட்டும், பல இடங்களில் குறித்த நாள் தொடாத கோப்பை இயந்திரம் தானாக அழிக்கும். 2021 டிசம்பரில் கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் பேக்கப் எடுக்கும் நிரலிலேயே பிழை ஏற்பட்டு 77 டெராபைட் அழிந்தது, 14 ஆய்வுக்குழுக்கள், அதில் நாலு குழுவின் கோப்புகள் மீட்கவே முடியாமல் போயின. அங்கேயே அப்படி. நிரலும் உள்ளீடும் பெரும்பாலும் சின்னவை, இன்றைக்கே ஒரு பிரதி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் இருந்த அண்ணா ஒருவர் கனடா போய் எட்டு மாதம். அவர் செய்த வேலையின் தொடர்ச்சிதான் என்னுடையது. கோப்புகள் எல்லாம் அவருடைய கணக்கில். பாஸ்வேர்டைத் தரத் தயாராக இருக்கிறார். வாங்கலாமா?
ஆய்வு மாணவி, சுன்னாகம்

பதில்: கோண்டாவில் தங்கச்சிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும், வாங்க வேண்டாம். ஆனால் உங்கள் அந்தரம் விளங்குகிறது, எங்கள் ஊரில் எந்த ஆய்வுக்குழுவிலும் பாதிப்பேர் ஒருநாள் விமானம் ஏறுவார்கள்.

அவருக்கு இன்னும் கணக்குத் திறந்திருந்தால் அவரே உள்ளே போய், திட்டத்தின் பொது அடைவுக்குள் கோப்புகளைப் பிரதிபண்ணி, குழுவுக்கு வாசிக்க அனுமதி கொடுக்கட்டும், பதினைந்து நிமிட வேலை. மூடியிருந்தால் பொறுப்பான விரிவுரையாளர் நிர்வாகிக்கு எழுதினால் கோப்புகளின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுப்பார்கள், கணக்கை மூடியவுடன் கோப்புகளையும் அழிப்பது வழக்கமில்லை, ஆனால் சில மாதத்துக்கு மேல் வைத்திருக்கவும் மாட்டார்கள். எட்டு மாதம் ஆகிவிட்டதால் இந்தக் கிழமையே எழுதுங்கள்.

கோப்பு கிடைத்ததும் அவரோடு ஒரு மணித்தியாலம் போனில் கதையுங்கள். எந்த அடைவில் இருப்பது கடைசிப் பதிப்பு, எது சும்மா ஓட்டிப் பார்த்தது, எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல ஒரு கோப்பில் எழுதி அதே அடைவுக்குள் வையுங்கள். டொரன்டோவில் இரவு எட்டரை என்றால் இங்கே கோடைக்காலத்தில் விடிய ஆறு மணி, அவர் வேலையால் வந்து சாப்பிட்டு முடித்திருப்பார்.